எட்டுக்கால் பூச்சி பயத்துக்கு ஒரே செஷன் தெரபி - போயிட்டு வந்த அனுபவம்

எனக்கு எட்டுக்கால் பூச்சின்னா சின்ன வயசுலேர்ந்தே உயிரே போயிடும், பாத்ரூம் மூலைல ஒண்ணு தெரிஞ்சா யாராவது வந்து எடுக்குற வரைக்கும் வாசல்லயே நிப்பேன், ராத்திரி தலகாணி போர்வையெல்லாம் உதறிப் பாக்காம படுத்ததே இல்ல. கடைசில ஒரு சைக்காலஜிஸ்ட் மேடம்கிட்ட எக்ஸ்போஷர் தெரபி போனேன், அதாவது பயப்படுற விஷயத்தையே கொஞ்சம் கொஞ்சமா நேர்ல பாத்துப் பழகுறது. ஸ்வீடன் சைக்காலஜிஸ்ட் லார்ஸ்-யோரான் ஓஸ்ட் 1989ல எழுதின முறையாம், ஒரே செஷன், அதிகபட்சம் 3 மணி நேரம்.

எனக்குப் பிடிச்சதே அவங்க சொல்லாம எதையும் செய்யல. ஒவ்வொண்ணும் முதல்ல அவங்க செஞ்சு காட்டி, நான் சரின்னு சொன்னப்புறம்தான் அடுத்தது. பயத்த 0லேர்ந்து 100க்குள்ள சொல்லச் சொன்னாங்க, எட்டுக்கால் பூச்சி இருந்த டப்பா ரூமோட அந்தப் பக்கம் இருக்கும்போதே நான் 90 சொன்னேன். "கிட்ட போனா அது என்ன பண்ணும்னு நினைக்கிறீங்க?"ன்னு கேட்டாங்க. மேல பாஞ்சு மூஞ்சிக்கு ஏறிடும்னேன். உடனே பென்சிலால பின்னாடி லேசா தொட்டாங்க, அது குடுகுடுன்னு முன்னாடி ஓடி மூலைல காலை மடக்கிட்டு ஒடுங்கிடுச்சு. இப்படி ஒரு பத்து தடவையாவது தொட்டிருப்பாங்க, பத்து தடவையும் பென்சில விட்டு விலகித்தான் ஓடுச்சு. கண்ணு எட்டு இருந்தாலும் நிறைய வகைக்கு பார்வை மந்தமாம், கால்ல படுற அதிர்வை வச்சுத்தான் பெரும்பாலும் தெரிஞ்சுக்குமாம். அப்போ அதுக்கு நான் ஒரு ஆளே இல்ல, வெறும் அதிர்வு. இது மனசுல அப்படியே பதிஞ்சுடுச்சு.

இன்னொண்ணும் புரிஞ்சுது, நாம ஓடும்போது கிடைக்குற நிம்மதிதான் பயத்துக்குத் தீனி, ஓடினதாலதான் தப்பிச்சோம்னு மூளை கணக்கு போட்டுக்குது. ஓடாம அங்கயே நின்னா படபடப்பு ஒரு அளவுக்கு ஏறிட்டு தானா இறங்குது. எனக்கு இறங்கவே இருபது நிமிஷத்துக்கு மேல ஆச்சு, கை வேர்த்து ஊத்திடுச்சு, ஆனா இறங்குச்சு. கடைசில டம்ளர கவுத்து அடில அட்டைய சொருகி நானே பிடிச்சேன், அப்போ 30தான் சொன்னேன்.

வீட்டுல யாராவது பயந்தா பயம் தெளியட்டும்னு பூச்சிய தூக்கி மேல போடாதீங்க ப்ளீஸ், அது வேற இது வேற, அவங்க சம்மதம் இருந்தாத்தான் இது வேலையே செய்யும்.

குறைன்னா, ஒரே செஷன்னாலும் அதுக்கப்புறம் நாமளே விடாம பழகிட்டே இருக்கணும், வீட்டுல என்னென்ன பண்ணணும்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்திருக்கலாம், களைப்புல பாதி மறந்துட்டு போன் பண்ணி கேட்டேன். அதனால 5க்கு 4.