பாட வழியா, ஆய்வேடா? மின், கணினிப் பொறியியல் மாஸ்டர்ஸுக்கு ஓர் ஒப்பீடு

"வேலைக்குப் போகிறவர் பாட வழி எடுக்கட்டும், பிஎச்.டி.க்குப் போகிறவர் ஆய்வேடு எழுதட்டும்." மின், கணினிப் பொறியியலில் மாஸ்டர்ஸ் பற்றிக் கேட்டால் பலரும் இந்த ஒரு வரியோடு முடித்துக்கொள்வார்கள். பாட வழி என்றால் வகுப்புகளை மட்டும் முடித்துப் பட்டம் வாங்குவது; ஆய்வேடு என்றால் ஒரு பேராசிரியரின் கீழ் ஆராய்ச்சி செய்து அதை எழுதிக் கொடுப்பது. பாதிதான் சரி. நீங்கள் எந்தக் கிளைக்குள் போகிறீர்கள் என்று தெரியாமல் மீதிப் பாதியைச் சொல்ல முடியாது.

முதலில் பெயர்க் குழப்பம். கனடாவில் எம்.இங். (M.Eng.) என்றால் பெரும்பாலும் பாட வழி, எம்.ஏ.எஸ்சி. (M.A.Sc.) என்றால் ஆய்வேடு. அமெரிக்காவில் எம்.எஸ். என்ற ஒரே பெயருக்குள் இரண்டும் இருக்கும். எம்.ஐ.டி.யின் மின், கணினித் துறையில் எம்.இங்.குக்கே ஆய்வேடு கட்டாயம். பிரிட்டனிலோ எம்.இங். என்பது பள்ளி முடித்ததும் சேருகிற ஒருங்கிணைந்த பட்டம். ஆகவே பெயரை விட்டுவிட்டு, எத்தனை பாடம், ஆய்வேட்டுக்கு எத்தனை கிரெடிட் என்பதைப் பாருங்கள். அமெரிக்காவில் மொத்தம் 30 கிரெடிட் என்பது வழக்கம். பாட வழியில் அது சுமார் 10 பாடம். ஆய்வேடு எழுதினால் இரண்டு மூன்று பாடம் குறையும்.

கணக்கில் இவ்வளவுதான் வித்தியாசம். காலத்தில் அப்படியில்லை. பாட வழியை ஒரு வருடத்திலிருந்து ஒன்றரை வருடத்துக்குள் முடித்துவிடலாம். ஆய்வேடு இரண்டு வருடம் என்று தொடங்கும்; முடிவது சோதனை ஒத்துழைப்பதையும் பேராசிரியர் திருப்தியடைவதையும் பொறுத்தது.

பணத்தில் விஷயம் எளிது. பாட வழியில் கட்டணம் உங்களுடையது. ஆய்வேட்டு வழியில், குறிப்பாகக் கனடாவில், பேராசிரியரின் ஆய்வு நிதியிலிருந்து உதவித்தொகை வரும். அதனாலேயே உங்களை எடுத்துக்கொள்ள ஒரு பேராசிரியர் சம்மதிக்காமல் அங்கே இடம் கிடைப்பது கடினம்.

இனி கிளைக்கு வருவோம். ஆர்.டி.எல். (சிப்பின் வேலையை நிரல் போல எழுதுவது), வெரிஃபிகேஷன் (எழுதியது சரியா என்று சோதிப்பது), கணினிக் கட்டமைப்பு, எம்பெடட் (கருவிகளுக்குள் இருக்கும் சின்னக் கணினிகள்) என்று டிஜிட்டல் பக்கம் போகிறவருக்குப் பாட வழி தாராளமாகப் போதும் என்பேன். வேலையில் செய்வதையே வகுப்பிலும் செய்துபார்க்க முடியும் என்பதுதான் காரணம். ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த கட்டளைத் தொகுப்பில் ஒரு சின்னச் செயலியை எழுதி, எஃப்.பி.ஜி.ஏ. (திரும்பத் திரும்ப மாற்றியமைக்கக்கூடிய சிப்) பலகையில் ஏற்றி, பிழை கண்டு, திருத்தி மறுபடி ஏற்ற ஒரு ராத்திரி போதும். ஒரே செமஸ்டரில் இருபது முப்பது தடவை தப்பு செய்து கற்கலாம். நேர்காணலில் கேட்கும் செட்டப், ஹோல்ட், கிளாக் டொமைன் கிராஸிங் போன்ற சிப்பின் நேரக் கணக்குகள் எல்லாம் பாடத்திலேயே வந்துவிடும்.

அனலாக், ஆர்.எஃப். (ரேடியோ அலைச் சுற்றுகள்) பக்கம் கதை வேறு. செமஸ்டர் என்பது ஏறக்குறைய நான்கு மாதம். வடிவமைத்த சிப்பைத் தயாரிப்புக்கு அனுப்பினால், அதாவது டேப்-அவுட் செய்தால், திரும்பி வரவே சில மாதம் ஆகும். பலருடைய வடிவமைப்புகளை ஒரே வேஃபரில் (சிப்புகள் அச்சாகும் சிலிக்கான் தட்டு) சேர்த்து அடிக்கும் ஷட்டில் முறைதான் பல்கலைக்கழகங்களுக்குக் கட்டுப்படியாகும். அமெரிக்காவில் 1981-லிருந்தே மோசிஸ் என்ற சேவை இதைச் செய்துவருகிறது. ஷட்டில் குறித்த தேதியில்தான் கிளம்பும். தவறவிட்டால் அடுத்தது வரும்வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஆகவே வகுப்பில் கட்டும் ஆம்ப்ளிஃபயர் லேஅவுட்டோடும் (சிப்பின் வரைபடம்) கணினி சிமுலேஷனோடும் நின்றுவிடும். சிமுலேஷனில் 60 டெசிபல் காட்டிய கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) நிஜச் சிப்பை மேசையில் வைத்து அளந்தால் ஏன் 50-ஐத் தாண்டவில்லை என்று வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்வதில்தான் அனலாக் படிப்பே இருக்கிறது. அது ஆய்வேட்டுக்காரருக்குத்தான் வாய்க்கும். பெர்க்லி போல ஒரு சில இடங்களில் டேப்-அவுட்டையே ஒரு பாடமாக வைத்திருக்கிறார்கள். அப்படி ஒன்று இருந்தால் என் கணக்கு மாறிவிடும்.

டிரான்சிஸ்டர் போன்ற சாதனத் தயாரிப்பு, ஒளியை வைத்து வேலை செய்யும் ஃபோட்டானிக்ஸ் இரண்டுக்கும் இதே நியாயம்; கிளீன் ரூமில் (தூசியில்லாத ஆய்வகம்) கழிக்கும் மணிநேரம்தான் அங்கே கல்வி. மின் அமைப்பில் லோடு ஃப்ளோ (கம்பிகளில் மின்சாரம் ஓடும் கணக்கு), ரிலே ஒருங்கிணைப்பு (பழுதான பகுதியை மட்டும் துண்டிக்கும் ஏற்பாடு) போன்றவற்றைப் பாடமாகவே கற்றுவிடலாம். பவர் எலக்ட்ரானிக்ஸுக்கு மட்டும் கன்வெர்ட்டரைக் (மின்னழுத்தத்தை மாற்றும் சுற்று) கையால் கட்டி, எரிய விட்டும் பார்க்க ஒரு ஆய்வகம் வேண்டும்.

இரண்டுக்கும் நடுவில் புராஜெக்ட் வழி ஒன்றுண்டு. கார்னெல்லின் எம்.இங்.கில் வடிவமைப்புப் புராஜெக்ட் கட்டாயம். பாட வழி எடுப்பவர்கள் இப்படி ஒன்று இருக்கும் இடத்தையே தேடுங்கள் என்பது என் கட்சி. பத்துப் பாடத்தின் மதிப்பெண்ணை விட, தானே கட்டிய ஒன்றைப் பற்றி நேர்காணலில் அரைமணி நேரம் பேச முடிவது பெரிது.

பாட வழியில் சேருகிறவர்கள் கவனிக்காமல் மாட்டிக்கொள்ளும் இடம் இன்டர்ன்ஷிப். வகுப்பு ஆகஸ்ட், செப்டம்பரில் தொடங்கும். அடுத்த கோடைக்கான ஆள் எடுப்பும் கிட்டத்தட்ட அப்போதே தொடங்கிவிடும். மாஸ்டர்ஸில் ஒரு பாடம்கூட முடிக்காத ரெஸ்யூமேயோடு போய் நிற்க வேண்டியிருக்கும். ஆய்வேட்டுக்காரருக்கு இன்னொரு இலையுதிர்காலம் கையில் இருக்கும். ஒரு வருடத் திட்டத்தில் சில சமயம் கோடையே கிடைக்காது. 16 மாதத் திட்டம் அதைக் காப்பாற்றித் தரும்.

குறுகிய படிப்புக்கு, வெளிநாட்டு மாணவருக்குப் படிப்பு முடிந்ததும் கிடைக்கும் வேலை அனுமதியும் குறையுமோ என்ற பயம் கனடாவில் முன்பு நியாயமானது. 2024 பிப்ரவரி முதல், இரண்டு வருடத்துக்குக் குறைவான மாஸ்டர்ஸுக்கும் மூன்று வருட அனுமதி கிடைக்க வழி செய்துவிட்டார்கள். அமெரிக்காவில் இதேபோல் கிடைக்கும் 12 மாத ஓ.பி.டி. வேலை அனுமதியும் அதன் 24 மாத நீட்டிப்பும் ஆய்வேடு எழுதினீர்களா என்று பார்ப்பதில்லை.

பாட வழியில் போனால் பிஎச்.டி. கதவு அடைந்துவிடாது. குறைவது ஒன்றுதான்: நீங்கள் வேலை செய்வதைப் பக்கத்திலிருந்து பார்த்த பேராசிரியரின் பரிந்துரைக் கடிதம். ஆய்வேட்டிலிருந்து பாட வழிக்கு மாறுவது பல இடங்களில் ஒரு படிவத்தோடு முடியும். எதிர்த்திசையில் மாற, நிதி வைத்திருக்கும் பேராசிரியரைக் கண்டுபிடித்தாக வேண்டும். அப்படி மாறும் எண்ணம் இருந்தால், அவர் நடத்தும் பாடத்தை முதல் செமஸ்டரிலேயே எடுத்து நல்ல கிரேடு வாங்கிவிட்டுப் போய்க் கேளுங்கள்; மூன்றாவது செமஸ்டரில் கேட்டால், எப்போது பட்டம் வாங்கப்போகிறீர்கள் என்றுதான் அவர் திருப்பிக் கேட்பார்.