22,500 ரூபாய் போச்சு: இறந்தவர் கணக்குப் பணத்தை வாங்கித் தருகிறோம் என்று வருபவர்களிடம் உஷார்

பெயரைப் போடப் போவதில்லை, போட்டால் நோட்டீஸ் அனுப்புவோம் என்று நேற்றே மிரட்டிவிட்டார்கள். 'இறந்தவர் பணம், அலைச்சல் இல்லாமல் உங்கள் கையில்' என்று விளம்பரம் போடும் ஒரு ஆன்லைன் ஆவண சேவைத் தளம். என்னிடம் வாங்கியது 22,500 ரூபாய்.

அம்மா தவறியபின் ஈரோட்டில் ஒரு வங்கியில் எஃப்.டி.யும் சேமிப்புக் கணக்குமாக மூன்று லட்சத்துச் சொச்சம் இருந்தது. நாமினி இல்லை. உயிலும் இல்லை, தகராறும் இல்லை. அப்பா முன்பே போய்விட்டார், வாரிசு என்றால் நானும் மஸ்கட்டில் இருக்கும் தம்பியும்தான்.

விளம்பரத்தில் இருந்த எண்ணில் ஒரு பையன் எடுத்தான். எடுத்தவுடன் பணத்தைப் பற்றிப் பேசவே இல்லை. "அம்மா காரியமெல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுங்களாக்கா?" என்றான். அதுவரை என்னிடம் பேசியவர்கள் எல்லோரும் ஆதார் எங்கே, பான் எங்கே என்றுதான் கேட்டார்கள், இவன் ஒருத்தன் அம்மாவை விசாரித்தான். அப்புறம்தான் ஆரம்பித்தான், "நாமினி இல்லீன்னா கோர்ட்ல சக்சஷன் சர்டிபிகேட் (இறந்தவர் பணத்தை யார் வாங்கலாம் என்று கோர்ட் தரும் சான்றிதழ்) வாங்காம பேங்க்ல ஒத்த ரூபா தரமாட்டாங்கக்கா, தம்பி வேற வெளிநாட்டுல, ரெண்டு வருசம்கூட இழுக்கும், நீங்க அலையாதீங்க, எங்க வக்கீல் பாத்துக்குவார்." முதலில் 12,500. அடுத்து கோர்ட் ஃபீஸ் என்று 10,000. இரண்டுக்கும் ரசீது கிடையாது, வாட்ஸ்அப்பில் ஒரு கட்டைவிரல் படம் வந்தது.

பணம் போனதும் குரல் மாறியது. "ஃபைல் ப்ராசஸ்ல இருக்குங்க." "லீகல் டீம்தான் சொல்லணும்." "வக்கீல் கோர்ட்ல இருக்காருங்க." கேஸ் நம்பர் கேட்டால் டிக்கெட் நம்பர் ஒன்று கொடுத்தார்கள். அக்காவும் போய் மேடம் ஆகிவிட்டேன். கடைசியில் முத்திரைத்தாளில் ஒரு உறுதிமொழியை ஸ்கேன் செய்து அனுப்பினார்கள், அதில் அம்மாவின் பெயரே தப்பு!

அதை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனால் மேனேஜர் படித்துப் பார்த்துவிட்டு, "யாருங்க உங்களை கோர்ட்டுக்குப் போகச் சொன்னது?" என்கிறார். ரிசர்வ் வங்கி 2025-இல் போட்ட விதிப்படி, நாமினி இல்லாவிட்டாலும் உயிலோ வாரிசுத் தகராறோ இல்லையென்றால் 15 லட்சம் வரை கோர்ட் சான்றிதழ் கேட்காமல் எளிய முறையில் தர வேண்டுமாம் (கூட்டுறவு வங்கி என்றால் 5 லட்சம்). க்ளெய்ம் படிவம், இறப்புச் சான்றிதழ், வாரிசு சான்றிதழ், அடையாள அட்டை, ஒரு இண்டெம்னிட்டி பாண்ட் (பின்னால் வேறு யாராவது உரிமை கேட்டு வந்தால் வங்கிக்கு வரும் நஷ்டத்துக்கு நாங்கள் பொறுப்பு என்று எழுதித் தரும் பத்திரம்), தம்பியிடமிருந்து ஆட்சேபணை இல்லை என்று ஒரு கடிதம், அவ்வளவுதான். ஜாமீன் கையெழுத்துக்கு வெளி ஆள்கூட வேண்டாம். எல்லாக் காகிதமும் சேர்ந்தபின் 15 நாளில் தீர்க்க வேண்டும். வாரிசு சான்றிதழும் கோர்ட் வேலை இல்லை, தாசில்தார் தருவது. இ-சேவை மையத்தில் பதிந்தால் கட்டணம் 60 ரூபாய். அறுபது! நான் கொடுத்தது 22,500.

என்ன செய்ய வேண்டும் என்று வரிசையாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் வங்கிக் கிளையில் க்ளெய்ம் படிவத்தைக் கேளுங்கள், வங்கியின் இணையதளத்திலேயே இருக்கும். நாமினி இருந்தால் எவ்வளவு பெரிய தொகைக்கும் கோர்ட் சான்றிதழ் தேவையில்லை. கோர்ட் ஃபீஸ் என்று எவன் கேட்டாலும் கேஸ் நம்பரைக் காட்டினால்தான் பணம் என்று சொல்லுங்கள். ஏமாந்தால் நுகர்வோர் உதவி எண் 1915, ஆன்லைன் மோசடி என்றால் 1930, உடனே கூப்பிடுங்கள். நான் இரண்டிலும் சொல்லியாயிற்று.

அசல் எஃப்.டி. ரசீதை மட்டும் யாருக்கும் கொரியர் பண்ணாதீர்கள். அம்மாவுடையது இன்னும் அவர்களிடம்தான் இருக்கிறது, கேட்டால் "அனுப்பியாச்சுங்க மேடம்" என்கிறார்கள், டிராக்கிங் நம்பர் மட்டும் வரக் காணோம்.