எம்பெடட் வடிவமைப்புப் படிப்பில் சேருமுன் இதைப் படித்துவிடுங்கள்

எம்பெடட் சிஸ்டம், அதாவது ஒரு கருவிக்குள்ளேயே இருந்து அதை இயக்கும் சிறு கணினி அமைப்பு, வடிவமைக்கக் கற்றுத்தருவதாகச் சொன்ன ஓர் இணையவழிப் பயிற்சி நிறுவனத்தில் எட்டு மாதங்களையும் சேமிப்பில் பெரும்பகுதியையும் தொலைத்துவிட்டு இதை எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. பணத்தைத் திரும்பக் கேட்டு நான் கொடுத்த முறையீடு இன்னும் நிலுவையில் இருக்கிறது என்பது ஒரு காரணம். இதே வார்ப்பில் அச்சுப் பிசகாமல் வேறு பெயர்களில் பல படிப்புகள் விற்கப்படுவதைப் பிறகு பார்த்துவிட்டேன் என்பது இன்னொரு காரணம்.

விளம்பரம் சொன்னது இதுதான்: மின்சுற்று வரைபடம் முதல் விற்பனைக்குத் தயாரான கருவி வரை அனைத்தையும் மாணவரே உருவாக்குவார். நான் பல ஆண்டுகளாக மென்பொருள் எழுதிக்கொண்டிருப்பவன். நிரல் எனக்குப் புதிதல்ல, அந்த நிரல் ஓடும் பலகையை நானே வடிவமைக்க வேண்டும் என்பதுதான் ஆசை. ஆகவே சேருமுன் தொலைபேசியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: சர்க்யூட்டை நாங்களே வரைந்து பிசிபியையும் (பாகங்களைப் பொருத்தும் அச்சிட்ட மின்சுற்றுப் பலகை) நாங்களே வடிவமைப்போமா? "எல்லாமே நீங்களேதான் செய்வீங்க சார், முழுக்க ப்ராஜெக்ட் அடிப்படையிலான படிப்பு" என்று பதில் வந்தது. நான் கேட்டதற்கு அது பதிலே இல்லை என்பது மூன்று மாதம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

பணம் கட்டிய விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏழு நாட்களுக்குள் விலகினால் முழுத் தொகையும் திரும்பக் கிடைக்கும், ஆனால் பாடங்களில் 15 விழுக்காட்டுக்கு மேல் திறந்திருக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் இருந்தது. சேர்ந்த அன்று மாலையே அறிமுக நிகழ்ச்சி என்ற பெயரில் பத்துப் பன்னிரண்டு காணொளிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்க்க வைத்தார்கள். துறையின் எதிர்காலம், வெற்றிக்கான மனநிலை என்று போன அந்தக் காணொளிகளும் பாடக் கணக்கில்தான் சேர்க்கப்பட்டிருந்தன என்பதை நான் விலக முயன்றபோதுதான் தெரிந்துகொண்டேன். பயிற்சிப் பெட்டி வந்து சேர்ந்ததோ பத்தொன்பதாம் நாள். அத்துடன், வட்டியில்லாத் தவணை என்று அவர்கள் சொன்னது உண்மையில் வேறொரு நிதி நிறுவனத்திடம் என் பெயரில் எடுக்கப்பட்ட கடன். பயிற்சி நிறுவனத்துக்கு முழுத்தொகையும் முதல் வாரத்திலேயே போய்விட்டது, பாடம் நின்றாலும் நான் அந்தக் கடனைக் கட்டியே ஆக வேண்டும்.

பெட்டியைத் திறந்தபோது உள்ளே இருந்தது, ப்ளூ பில் என்று எல்லோரும் அழைக்கும் அந்தச் சிறிய நீலப் பலகை. எஸ்டிஎம்32எஃப்103 மைக்ரோகன்ட்ரோலர் (ஒரே சில்லுக்குள் அடங்கிய சிறு கணினி), 72 மெகாஹெர்ட்ஸ் வேகம், 64 கிலோபைட் ஃபிளாஷ், 20 கிலோபைட் ரேம். கற்பதற்கு நல்ல சில்லுதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் முதன்முறை நிரலை ஏற்ற முயன்றபோது, எதிர்பாராத அடையாள எண் என்று, சில்லில் நிரலை ஏற்றும் ஓப்பன்ஓசிடி மென்பொருள் பிழை காட்டி நின்றது. இந்தச் சில்லின் அசலில் 1 என்ற இலக்கத்தில் தொடங்க வேண்டிய எண், என் பலகையில் 2 என்று தொடங்கியது. அதாவது மேலே அசல் தயாரிப்பாளரின் பெயர் பொறிக்கப்பட்ட நகல் சில்லு. வகுப்புக் குழுவில் கேட்டபோது, என்னைப் போலவே பலருக்கும் அதே பிழை வந்திருந்தது தெரிந்தது. பயிற்றுநர் ஒரு கோப்பை அனுப்பி, பழைய கோப்பை எடுத்துவிட்டு இதைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். அடையாள எண்ணைச் சரிபார்க்கும் வரியில் அசல் எண்ணுக்குப் பதிலாக நகலின் எண்ணை எழுதிய கோப்பு அது. நகல் சில்லை வைத்துக் கற்கவே முடியாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் டேட்டாஷீட்டில் (தயாரிப்பாளர் தரும் சில்லின் விவரக் குறிப்பு) சொன்னபடி ஒன்று நடக்காதபோது தவறு என் நிரலிலா, சில்லிலா என்று கண்டுபிடிக்கும் அனுபவம் தொடக்கநிலை மாணவருக்கு இருக்காது. இதை மறைத்துக் கொடுப்பது, அளவு தவறிய அளவுகோலைக் கொடுத்து மரவேலை கற்கச் சொல்வதைப் போன்றது.

மென்பொருளிலும் இதே கதை. எழுதிய நிரலைச் சில்லுக்குப் புரியும் வடிவில் மாற்றித்தரும் கீல் கம்பைலரின் லைட் என்ற இலவசப் பதிப்பில் 32 கிலோபைட்டுக்கு மேல் நிரல் உருவாக்க முடியாத கட்டத்தில், உரிமத்தை உடைக்கும் ஒரு செயலியைக் குழுவில் பகிர்ந்து எல்லோரையும் நிறுவச் சொன்னார்கள். அதே வேலையை ஜிசிசி கம்பைலர் எந்த வரம்பும் இல்லாமல் இலவசமாகச் செய்யும் என்று யாரும் வாய் திறக்கவில்லை. உடைத்த செயலியை நம் கணினியில் ஏற்றுவதன் ஆபத்தைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

இவை கூடப் போகட்டும். பாடத்தின் தரம் எனக்கு முழுமையாகப் புரிந்தது ஒரு சிறிய நிரலில்தான். ஒரு டைமர் ஒவ்வொரு நொடியும் இன்டரப்ட் (ஓடும் நிரலை இடைமறித்து வேறொரு சிறு நிரலை ஓட வைக்கும் சமிக்ஞை) எழுப்பும். அந்த இன்டரப்ட் நிரல் ஒரு மாறியில் 1 என்று எழுதும். முதன்மை நிரல் அந்த மாறியின் மதிப்பு மாறும்வரை ஒரு சுழற்சியில் காத்திருந்து, பிறகு விளக்கை எரிய விடும். ஆப்டிமைசேஷன் (நிரல் விரைவாக ஓடும்படி கம்பைலரே அதைச் செப்பனிடுவது) இல்லாமல் கம்பைல் செய்தால் விளக்கு ஒழுங்காகச் சிமிட்டியது. ஆப்டிமைசேஷனைக் கூட்டியதும் விளக்கு அசையாமல் நின்றுவிட்டது. பயிற்றுநரிடம் கேட்டேன். "ஆப்டிமைசேஷனை ஜீரோலயே வச்சுக்கோங்க, அது எப்பவுமே பிரச்சினை பண்ணும்" என்றார். உண்மையில் தவறு கம்பைலருடையது அல்ல. அந்தச் சுழற்சிக்குள் மாறியை யாரும் மாற்றுவதாகக் கம்பைலருக்குத் தெரியாது; ஆகவே ஒருமுறை படித்த மதிப்பையே செயலிக்குள் இருக்கும் ரெஜிஸ்டர் என்ற சிறு சேமிப்பிடத்தில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருக்கிறது. மாறியின் அறிவிப்பில் வாலட்டைல் என்ற ஒரே சொல்லைச் சேர்த்தால், ஒவ்வொரு முறையும் நினைவகத்துக்குப் போய்ப் படிக்கும். எம்பெடட் கற்கும் எவருக்கும் முதல் மாதத்திலேயே வர வேண்டிய பாடம் இது. கற்பிப்பவருக்கே இது தெரியவில்லை என்றால், அவர் தானாக ஒரு நிரலையும் எழுதி முடித்ததில்லை என்றுதான் நான் முடிவு செய்துகொண்டேன்.

அதன் பிறகு நடந்ததைக் கேட்டால் சிரிப்பீர்கள். இறுதித் திட்டம் எல்லோருக்கும் ஒன்றே: ஒரு ரிலே (கம்பிச் சுருளில் மின்சாரம் பாய்ச்சி இயக்கும் சுவிட்ச்) மூலம் சிறிய பம்பை இயக்கி நிறுத்தும் கருவி. பம்பை நிறுத்தும்போதெல்லாம் என் பலகை ரீசெட் ஆகி முதலிலிருந்து தொடங்கியது. "ரிலேவுக்கு அப்புறம் ஒரு டிலே போடுங்க, சரியாயிடும்" என்று பதில் வந்தது. நூறு மில்லிநொடி போட்டேன், ஐந்நூறு போட்டேன், இரண்டு நொடியும் போட்டுப் பார்த்தேன். பலகை ரீசெட் ஆனதுதான் மிச்சம். கடைசியில் அவர்கள் கொடுத்த சர்க்யூட் வரைபடத்தை நானே உட்கார்ந்து பார்த்தபோது, ரிலேச் சுருளுக்கு இணையாக இருக்க வேண்டிய டையோடு, அதாவது மின்னோட்டத்தை ஒரே திசையில் மட்டும் விடும் பாகம், அதில் இல்லவே இல்லை. சுருளில் ஓடும் மின்னோட்டத்தைத் திடீரென வெட்டினால், அது தன்னில் தேக்கிய ஆற்றலைப் பெரிய மின்னழுத்தத் துள்ளலாக வெளியே தள்ளும். அதற்கு வழிவிடும் டையோடு இல்லாவிட்டால் அந்தத் துள்ளல் டிரான்சிஸ்டரையும் அடிக்கும், மின்வழங்கல் தடத்தையும் கலக்கும். அற்ப விலையுள்ள ஒரு டையோடை எதிர்த்திசையில் இணைத்ததும் கோளாறு மறைந்தது. வன்பொருளில் இருக்கும் பிழையை மென்பொருளில் காத்திருந்து குணப்படுத்த முடியாது.

பிசிபி பாடம் இரண்டே காணொளிகள். முதலாவதில் பிசிபி வரைய உதவும் கிகேட் மென்பொருளை நிறுவக் காட்டினார்கள். இரண்டாவதில், முன்பே முடித்துவைத்த கெர்பர் கோப்புகளை (பலகையை அச்சிடுவதற்கான வரைபடக் கோப்புகள்) கொடுத்து, அச்சிடும் நிறுவனத்துக்கு எப்படி அனுப்புவது என்று காட்டினார்கள். ஒரு கோடு கூட மாணவர் வரையவில்லை. அந்தப் பலகையைத் திறந்து பார்த்தபோது, 100 நானோஃபாரட் மின்தேக்கிகள் எல்லாம் பலகையின் ஒரு ஓரத்தில், அணிவகுப்பில் நிற்பவர்களைப் போல ஒரே வரிசையில் அழகாக நின்றிருந்தன. அவை ஒவ்வொன்றும் சில்லின் ஒவ்வொரு மின்வழங்கல் முனைக்கும் ஒட்டினாற்போல இருக்க வேண்டியவை. சில்லுக்குள் ஆயிரக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் ஒரே கணத்தில் நிலைமாறும்போது தேவைப்படும் மின்னோட்டத்தைத் தொலைவிலுள்ள, மின்னழுத்தத்தைச் சீராக்கித் தரும் ரெகுலேட்டரிலிருந்து நீண்ட தடத்தின் வழியாக அவ்வளவு விரைவாக வரவழைக்க முடியாது என்பதற்காகத்தான் பக்கத்திலேயே ஒரு சிறு சேமிப்பாக அந்த மின்தேக்கியை வைக்கிறோம். வரிசை பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

மின்கலத்தில் இயங்கும் கருவிகளைப் பற்றிய பாடம் முழுவதும், உண்மையான பலகை இல்லாமல் கணினித் திரையிலேயே சுற்றை ஓட்டிக்காட்டும் சிமுலேட்டரிலேயே நடந்தது. சில்லைத் தூங்க வைத்தால் மின்கலம் ஆண்டுக்கணக்கில் வரும் என்று சொல்லிவிட்டு முடித்துக்கொண்டார்கள். நான் பலகையை மல்டிமீட்டரில் அளந்தபோது, சில்லு தூங்கியபோதும் மொத்தம் 3 மில்லியாம்பியர் போய்க்கொண்டிருந்தது. எப்போதும் எரியும் சிவப்பு எல்இடியும் ரெகுலேட்டரும்தான் காரணம். சிஆர்2032 நாணய மின்கலத்தின் கொள்ளளவு சுமார் 220 மில்லியாம்பியர்-மணி. 3 மில்லியாம்பியருக்கு அது 73 மணி நேரம், அதாவது மூன்று நாள். அதே கருவியை எல்இடி இல்லாமல், குறைந்த ஓய்வு மின்னோட்டம் கொண்ட ரெகுலேட்டருடன் வடிவமைத்து 10 மைக்ரோஆம்பியருக்குக் கொண்டுவந்தால் கணக்குப்படி 22,000 மணி நேரம், ஏறத்தாழ இரண்டரை ஆண்டு. மூன்று நாளுக்கும் இரண்டரை ஆண்டுக்கும் இடையில் இருப்பதைத்தான் வடிவமைப்பு என்கிறோம். நான் பணம் கட்டியது அதற்குத்தான், சிமுலேட்டரில் அந்தச் சிவப்பு எல்இடி எரிவதே இல்லை.

ஆர்டிஓஎஸ் (பல பணிகளை முன்னுரிமைப்படி, உரிய நேரத்தில் ஓடவிடும் இயங்குதளம்) பாடத்தைப் பற்றி ஒரே ஒரு செய்தி. 1997-இல் செவ்வாய்க் கோளில் இறங்கிய நாசாவின் பாத்ஃபைண்டர் விண்கலத்தின் கணினி அங்கே போன பிறகு திரும்பத் திரும்ப ரீசெட் ஆனது. குறைந்த முன்னுரிமைப் பணி பிடித்துவைத்திருந்த மியூடெக்ஸுக்காக (ஒரு நேரத்தில் ஒரு பணி மட்டுமே பயன்படுத்தும்படி காக்கும் பூட்டு) உயர் முன்னுரிமைப் பணி காத்துக்கிடக்க, இடையிலுள்ள பணிகள் ஓடிக்கொண்டே இருந்ததுதான் காரணம் என்று கண்டறிந்து, முன்னுரிமையைக் கடன்கொடுக்கும் அமைப்பைப் பூமியிலிருந்தே இயக்கிச் சரிசெய்தார்கள். இந்தச் சிக்கலைப் பற்றி நான் கேட்டதற்கு, "எல்லா டாஸ்க்குக்கும் ஒரே ப்ரையாரிட்டி கொடுத்துடுங்க" என்றார் பயிற்றுநர். அதற்குப் பிறகு நான் கேட்பதையே நிறுத்திவிட்டேன்.

வேலைவாய்ப்பு உறுதி என்று சொன்னது, பொதுவில் வெளியாகும் வேலை அறிவிப்புகளின் இணைப்புகளை வாரம் ஒருமுறை அனுப்பியதோடு சரி. சான்றிதழ் வந்தது, அதில் வடிவமைப்பு என்ற சொல் பெரிய எழுத்தில் இருந்தது.

இப்போது சேர நினைப்பவர்கள் பணம் கட்டுமுன் ஒரு காரியம் செய்யுங்கள்: முந்தைய மாணவர்கள் இருவருடைய இறுதித் திட்டத்தின் சர்க்யூட் வரைபடங்களையும் பிசிபியையும் காட்டச் சொல்லிக் கேளுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் அங்கே யாரும் எதையும் வடிவமைக்கவில்லை. மாணவர் வரையும் வரைபடத்தை யார் படித்துத் திருத்துவார், அவர் இதற்குமுன் எந்தக் கருவியை உருவாக்கியிருக்கிறார் என்றும் கேளுங்கள். ஏனெனில் காணொளியைப் பதிவு செய்து விற்பது எளிது, இன்னொருவர் வரைந்ததை உட்கார்ந்து பார்த்துத் தவறு சொல்ல ஒரு பொறியாளரின் நேரம் வேண்டும், இந்தப் படிப்புகள் மிச்சம் பிடிப்பது அங்கேதான். பாடத்திட்டத்தில் டேட்டாஷீட் வாசிப்பும், மின்சமிக்ஞைகளைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்பிலோ லாஜிக் அனலைசரிலோ அளப்பதும் இருக்கின்றனவா என்று பாருங்கள். என் பாடத்திட்டத்தில் இரண்டும் இல்லை. எஸ்டிஎம்32எஃப்103-க்கான ஆயிரம் பக்கங்களைத் தாண்டும் ரெஃபரன்ஸ் மேனுவல் என்ற ஒன்று இருப்பதையே நான் வெளியே தேடித்தான் தெரிந்துகொண்டேன். தயாரிப்பாளரே தன் சில்லில் உள்ள பிழைகளைப் பட்டியலிட்டு வெளியிடும் எர்ராட்டா ஆவணமும் அப்படித்தான்.

ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள், இன்னும் விலகும் காலம் முடியவில்லை என்றால், இன்றே செய்ய வேண்டியவை சில உள்ளன. இனி ஒரு காணொளியையும் திறக்காதீர்கள்; அறிமுகக் காணொளியாக இருந்தாலும் திறந்தது கணக்கில் ஏறும். விலகுவதாகத் தொலைபேசியில் சொல்லிவிட்டு நம்பி இருக்காதீர்கள். நான் ஐந்தாம் நாள் தொலைபேசியில் சொன்னதற்கு எந்தப் பதிவும் இல்லை என்றுதான் இன்றும் வாதாடுகிறார்கள். மின்னஞ்சலில் எழுதுங்கள், நாளும் நேரமும் தெரியும்படி எவ்வளவு பாடம் திறந்திருக்கிறது என்று காட்டும் ஸ்கிரீன்ஷாட்டையும் எடுத்து இணையுங்கள். தவணை யாருடைய கணக்குக்குப் போகிறது என்று பார்த்து, அது கடன் நிறுவனம் என்றால் அவர்களுக்கும் அதே மின்னஞ்சலின் நகலை அன்றே அனுப்பிவிடுங்கள். நான் அதை நாற்பது நாள் கழித்துத்தான் செய்தேன், அதற்குள் இரண்டு தவணைகள் போய்விட்டன.