சிஸ்பேட்ச்: மூலநிரலைத் தொடாமலே ஓபன்பிஎஸ்டிக்குப் பாதுகாப்புத் திருத்தம்

2017-இல் ஓபன்பிஎஸ்டி இயங்குதளத்தின் 6.1 பதிப்புடன் வந்த சிஸ்பேட்ச் கருவி அருமையானது. முன்பெல்லாம் மூலநிரலை இறக்கி, திருத்தம் போட்டு, கம்பைல் செய்ய (இயங்கும் நிரலாக மாற்ற) வேண்டும். பழைய கணினியில் அது மணிக்கணக்கு வேலை. இப்போது ரூட்டாக (முழு அதிகாரமுள்ள நிர்வாகிக் கணக்கில்) 'சிஸ்பேட்ச்' என்று அடித்தால் போதும். முதலில் '-சி' கொடுத்து நிலுவையில் உள்ளதைப் பாருங்கள். ஒவ்வொரு கோப்பும் சிக்னிஃபை என்ற கருவி மூலம் டிஜிட்டல் கையொப்பம் சரிபார்த்த பிறகே நிறுவப்படும். பழைய கோப்புகள் வார் (/var) பார்ட்டிஷன் என்ற வட்டுப் பகுதியில் சேமிக்கப்படுவதால், சிறிய எழுத்து '-ஆர்' கடைசித் திருத்தத்தைத் திரும்பப் பெறும். ஆகவே அங்கே இடம் விட்டு வையுங்கள்.

பலர் தவறுவது இதற்குப் பிறகுதான். கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) திருத்தம் ரீபூட் செய்தால்தான் அமலாகும். லைப்ரரி (நிரல்கள் பகிரும் பொதுக் கோப்பு) மாறினாலும், பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும் சர்வீஸ் பழையதையே பிடித்திருக்கும். சர்வீஸ்களைக் கட்டுப்படுத்தும் 'ஆர்சிசிடிஎல்' கட்டளை கொண்டு அதை மறுதொடக்கம் செய்யுங்கள். தனியாக நிறுவிய மென்பொருள் பேக்கேஜ்களை சிஸ்பேட்ச் தொடாது, அவற்றுக்குத் தனியே 'பிகேஜி_ஆட் -யு'. கரன்ட் ஸ்னாப்ஷாட் (வெளியீட்டுக்கு முந்தைய உருவாக்கப் பதிப்பு) வைத்திருப்போருக்கு இது உதவாது.