செவனிங் விண்ணப்பமும், 18,000 ரூபாய்க்கு நான் வாங்கிய கட்டுரைகளும்

காசு கொடுத்து ஏமாந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். காசே கேட்காத செவனிங் என்ற பிரிட்டன் அரசு உதவித்தொகையைப் பற்றி அப்புறம் வருகிறேன்.

நான் கோயம்புத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஐசியூ இன்சார்ஜ். பிஎஸ்சி நர்சிங் முடித்து ஒன்பது வருடம் ஆகிறது. எங்கள் வேலையில் ஏணி ரொம்பச் சின்னது. ஸ்டாஃப் நர்ஸ், இன்சார்ஜ், சூப்பர்வைசர், நர்சிங் சூப்பரின்டென்டென்ட், அவ்வளவுதான். ஒரு ஷிஃப்டுக்கு எத்தனை நர்ஸ் போட வேண்டும், மருந்து ஏற்றும் எந்த பம்ப் வாங்க வேண்டும், எந்த வார்டை மூட வேண்டும் என்பதெல்லாம் மேலே நான்காவது மாடியில் ஒரு அறையில் முடிவாகிறது. அந்த அறையில் டாக்டர்கள் இருப்பார்கள், எம்பிஏ படித்தவர்கள் இருப்பார்கள், கணக்குப் பிரிவு சார் இருப்பார், நர்ஸ் மட்டும் இருக்க மாட்டார். வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளி ஒருவருக்கு நர்ஸ் ஒருவர் என்று கணக்கு. ஆள் குறைந்த இரவுகளில் அந்தக் கணக்கு என்ன ஆகும் என்று நைட் டியூட்டி பார்த்த யாரையும் கேட்டுப் பாருங்கள். சுகாதார மேலாண்மையில் எம்எஸ்சி படிக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு அங்கேயிருந்துதான் வந்தது. படிக்கப் பணம் இல்லை, அதனால் ஸ்காலர்ஷிப்.

கூட வேலை பார்க்கிறவர்களுக்கு இது புரியவே இல்லை. அவர்கள் ஓஇடி என்ற ஆங்கிலத் தேர்வு எழுதுகிறார்கள், அமெரிக்க நர்ஸ் உரிமத்துக்கான என்கிளெக்ஸ் எழுதுகிறார்கள், இங்கிலாந்துக்கோ அமெரிக்காவுக்கோ நர்ஸாகவே போய்ச் செட்டில் ஆகிறார்கள், அதில் தப்பே இல்லை, மாதச் சம்பளத்தைப் பார்த்தால் நானே நாளைக்குப் போகலாம் போல இருக்கிறது. செவனிங்கில் படித்து முடித்ததும் ஊர் திரும்பி, குறைந்தது இரண்டு வருடம் இங்கே இருந்தாக வேண்டும். அம்மாவிடம் சொன்னேன். "லண்டன் போயிட்டு திரும்பி வரணுமா? அப்ப எதுக்குடி போற?" என்று கேட்டார். இதற்கு நான் இன்னும் சரியான பதில் சொல்லவில்லை.

சரி, இந்த விண்ணப்பத்துக்கு உதவி கேட்டு நான் போன கன்சல்டன்சி. பெயர் சொல்லப் போவதில்லை. ஏசி அறை, சுவரில் பெரிய கடிகாரக் கோபுரப் படம், போனதும் காபி. "உங்க ஸ்டோரியை நாங்க பில்ட் பண்ணித் தர்றோம் மேடம்" என்றார் அந்தத் தம்பி. செவனிங்குக்கு எழுத வேண்டிய நான்கு கட்டுரைக்கும் சேர்த்து 18,000 ரூபாய். பதினைந்து கேள்வி உள்ள ஒரு படிவத்தை நிரப்பிக் கொடுத்தேன், ஒரு வாரத்தில் கட்டுரை மெயிலில் வந்துவிட்டது. படித்தால் எனக்கே என்னைத் தெரியவில்லை. சிறு வயதிலிருந்தே தலைமைப் பண்பு என் ரத்தத்தில் ஓடியதாம். கொரோனா காலத்தில் நான் "ஒரு படைத்தளபதியைப் போல" நின்றேனாம். அந்தச் சமயத்தில் நான் பிபிஇ கிட்டுக்குள் வியர்த்து ஊறி, எப்போது கழற்றலாம் என்று மணி பார்த்துக்கொண்டிருந்தேன், அதுதான் நிஜம். ஆனால் இங்கிலீஷ் பளபளவென்று இருந்தது, நமக்கு இந்த அளவுக்கு எழுத வராது என்று நினைத்து அப்படியே அனுப்பிவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து, அதே இடத்தில் பணம் கட்டிய ஒரு ஃபிசியோதெரபிஸ்ட் தோழி தன்னுடையதைக் காட்டினாள். அதே படைத்தளபதி. அதே ரத்தம். வென்டிலேட்டர் என்று இருந்த இடத்தில் உடற்பயிற்சி என்று இருந்தது, மற்றபடி வரிக்கு வரி என்னுடையதுதான். செவனிங்கில் கட்டுரைகளைக் காப்பியா என்று மென்பொருள் வைத்துப் பார்ப்பார்கள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரியும். இரண்டு பேருக்கும் நேர்காணல் அழைப்பு வரவில்லை. காரணம் இதுதான் என்று நான் சொல்லவில்லை, அந்தக் கட்டுரையை வைத்து நானாக இருந்தாலும் என்னைக் கூப்பிட்டிருக்க மாட்டேன். பணத்தைத் திருப்பிக் கேட்டு ஆறு முறை போன் செய்தேன், 4,000 ரூபாய் வந்தது. மீதி "புராசஸிங்".

அடுத்த வருடம் தனியாக உட்கார்ந்தேன். விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது, ஏஜென்ட் யாரும் தேவையில்லை என்பது செவனிங் இணையதளத்திலேயே இருக்கிறது, அதைப் படிக்காமல் ஏசி அறைக்குப் போனது என் தப்பு. தெரியாதவர்களுக்காக: செவனிங் என்பது பிரிட்டன் அரசு 1983-இலிருந்து கொடுக்கும் உதவித்தொகை. கென்ட்டில் உள்ள ஒரு பழைய மாளிகையின் பெயரைப் பின்னால் வைத்துக்கொண்டார்கள். ஒரு வருட முதுகலைப் படிப்புக்குக் கட்டணம், மாதச் செலவு, விமான டிக்கெட், விசா எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். குடும்பத்தைக் கூட்டிப் போக நினைத்தால் அந்தச் செலவு நம்முடையது. இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும், அதை 2,800 மணி நேரம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள், அதாவது வாரம் 35 மணி நேரம், வருடத்துக்கு 40 வாரம். வாரம் 48 மணி நேரம் நிற்கிற நமக்கு இந்தக் கணக்கைப் பார்த்ததும் சிரிப்புதான் வந்தது.

கட்டுரைகள் நான்கு. தலைமைப் பண்பு, தொடர்புகளை உண்டாக்கும் திறமை, ஏன் இந்தப் படிப்பு, திரும்பி வந்து என்ன செய்யப் போகிறாய். முதல் கேள்வியிலேயே மூன்று நாள் நின்றேன். நான் என்ன தலைவர், டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தால் ஃபைலைத் தூக்கிக்கொண்டு பின்னால் போகிற ஆள் என்றுதான் தோன்றியது. அப்புறம் படுக்கைப்புண் விஷயம் ஞாபகம் வந்தது. நினைவில்லாமல் படுத்திருக்கும் நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போட வேண்டும், முதல் வருடப் பாடம்தான், ஆனால் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் அது விட்டுப்போகும், காலை டியூட்டிக்காரர் இரவு ஆள் திருப்பியிருப்பார் என்று நினைப்பார், இரவு ஆள் காலையில் பார்ப்பார்கள் என்று போய்விடுவார். நான் பழைய காலண்டர் அட்டையை வெட்டி ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு கடிகாரம் மாட்டினேன், நோயாளியைத் திருப்பும்போதெல்லாம் முள்ளைக் கையால் நகர்த்த வேண்டும், அடுத்த ஷிஃப்டிடம் பொறுப்பு ஒப்படைக்கும் ஹேண்ட்ஓவரை அந்த முள்ளைப் பார்த்துத்தான் தொடங்க வேண்டும் என்று சொன்னேன். மூத்த சிஸ்டர் ஒருவர் இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. மூன்றாவது வாரம் அவரே புதுசாக வந்த பெண்ணுக்கு முள்ளை நகர்த்தச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். இதை அப்படியே எழுதினேன், அந்த இரண்டு வாரத்தையும் சேர்த்து. ரத்தத்தில் எதுவும் ஓடவில்லை.

இரண்டாவது கட்டுரை இன்னும் கஷ்டம். நெட்வொர்க்கிங் என்றால் கோட் போட்டுக்கொண்டு விசிட்டிங் கார்டு கொடுப்பது என்று நினைத்திருந்தேன். ராத்திரி ஒரு மணிக்கு ஓ நெகட்டிவ் ரத்தம் வேண்டும் என்றால் யாருக்குப் போன் போடுவேன் என்று யோசித்தபோதுதான் பொறி தட்டியது. ரத்த வங்கி டெக்னீஷியன், 108 ஓட்டும் அண்ணன், பக்கத்து மருத்துவமனை இன்சார்ஜ் அக்கா, கல்லூரி விடுதியில் டோனர் லிஸ்ட் வைத்திருக்கும் பையன், எல்லாரும் என் போனில் இருக்கிறார்கள். இதைத்தான் அவர்கள் கேட்கிறார்கள் என்றால் நர்ஸிடம் இல்லாதது யாரிடம் இருக்கும்?

படிப்பு மூன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நம் ஆட்கள் நிறையப் பேர் தலைமைப் பொறுப்பு என்றாலே எம்பிஏ என்று போகிறார்கள். செவனிங்கில் எம்பிஏ கட்டணத்துக்கு உச்சவரம்பு உண்டு, அதற்கு மேல் கையிலிருந்து போட வேண்டும், பார்த்துக்கொள்ளுங்கள். நான் பர்மிங்காமில் சுகாதாரக் கொள்கையும் மேலாண்மையும், லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பன்னாட்டு சுகாதார மேலாண்மை, எல்எஸ்இ என்ற லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் படிப்பு ஒன்று என்று போட்டேன். பல்கலைக்கழக இடத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், அது வேறு தலைவலி.

குறை என்று பார்த்தால் பெரிய குறை ஒன்று இருக்கிறது. இளநிலைப் பட்டம் கட்டாயம். ஜிஎன்எம் என்ற நர்சிங் டிப்ளமோ முடித்து இருபது வருடம் வார்டைக் கட்டி மேய்க்கிற அக்காக்கள் இதற்குள் வரவே முடியாது, அவர்கள் முதலில் போஸ்ட் பேசிக் பிஎஸ்சி இரண்டு வருடம் படித்துவிட்டு வர வேண்டும். எனக்கு வேலை கற்றுக்கொடுத்ததே அப்படி ஒரு அக்காதான், இதை எழுதும்போது உறுத்துகிறது. திரும்பி வர வேண்டும் என்ற விதியை நிறையப் பேர் குறையாகச் சொல்வார்கள், எனக்கு அது வசதிதான். எனக்கு வேண்டியது இங்கே அந்த நான்காவது மாடியில் ஒரு நாற்காலி.

செவனிங் மட்டும்தான் வழி என்றும் இல்லை. அமெரிக்காவில் படிக்கக் கொடுக்கும் ஃபுல்பிரைட் நேரு முதுகலை உதவியில் பொதுச் சுகாதாரம் உண்டு, அதற்கு மூன்று வருட அனுபவம் கேட்பார்கள். ஜாம்ஷெட்ஜி டாடா 1892-இல் தொடங்கிய ஜே.என். டாடா எண்டோமென்ட் இன்னும் இருக்கிறது, அதில் முதன்முதலில் போனவர்களே பெண் மருத்துவர்கள்தான். ஆனால் அது கடன், திருப்பிக் கட்ட வேண்டும், ஸ்காலர்ஷிப் என்ற சொல்லைப் பார்த்து இலவசம் என்று நினைத்துவிடாதீர்கள்.

எத்தனை ஸ்டார் என்று கேட்பீர்கள். கன்சல்டன்சிக்கு ஒன்று, அதுவும் காபிக்கு. செவனிங் விண்ணப்பத்துக்கு நான்கு, ஒன்றைக் குறைத்தது ஜிஎன்எம் அக்காக்களுக்காக.

இந்த முறை நேர்காணலுக்கு அழைத்தார்கள், போய்விட்டு வந்தேன், ஜூனில் முடிவு தெரியும். அதற்கு முன் பரிந்துரைக் கடிதம் இரண்டு கொடுக்க வேண்டியிருந்தது. ஒன்றை எங்கள் சூப்பரின்டென்டென்ட் மேடத்திடம் கேட்டேன். "நீ போயிட்டா ஐசியூவை யாரும்மா பார்க்கிறது?" என்று முறைத்தார். மறுநாள் காலை இரண்டு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அடுத்த வாரம் முழுக்க எனக்கு நைட் போட்டுவிட்டார்.