லென்ஸுக்கு ஒரு ஃபில்டரா, 77-ல் ஒன்றே ஒன்றா?

ஃபில்டர் வாங்கப் போகிறவர்கள் முதலில் விசாரிப்பது பிராண்டைத்தான். ஆனால் இரண்டு மூன்று லென்ஸ் சேர்ந்த பிறகு, எந்த அளவில் வாங்குவது என்பதுதான் பெரிய கேள்வியாகிவிடுகிறது. என்னிடம் இருப்பவை கேனான் 18-55, 55-250, 10-18, 50 எஃப்/1.8, அப்புறம் 24-105. இவற்றின் ஃபில்டர் அளவுகள் முறையே 58, 58, 67, 49, 77 மி.மீ. ஐந்து லென்ஸுக்கு நான்கு அளவு. நான் படம் எடுப்பது பெரும்பாலும் வடசென்னையில், காசிமேடு, திருவொற்றியூர்க் கடற்கரை, எண்ணூர் முகத்துவாரம். எனக்குத் தேவைப்பட்டவை வானத்தைக் கறுக்க வைக்கும் ஒரு போலரைசரும், உள்ளே வரும் ஒளியைக் குறைக்கும் ஒரு என்டி ஃபில்டரும். நான்கு அளவிலும் தனித்தனியாக வாங்குவதா, 77-ல் மட்டும் வாங்கி மற்ற லென்ஸ்களுக்கு, பெரிய ஃபில்டரைச் சின்ன லென்ஸில் பொருத்தும் வளையமான ஸ்டெப்-அப் ரிங் போட்டுக்கொள்வதா என்று யோசித்து, இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தேன். இன்றும் அதே பக்கம்தான் நிற்கிறேன்.

அளவைக் கண்டுபிடிப்பது எளிது. லென்ஸின் முன் விளிம்பிலோ மூடியின் உட்புறத்திலோ, வட்டத்தின் குறுக்கே கோடு போட்ட குறிக்குப் பக்கத்தில் எண் இருக்கும். லென்ஸின் பெயரில் வரும் மில்லிமீட்டருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கேனான் 50 எஃப்/1.8 எஸ்டிஎம் லென்ஸுக்கு 49, அதன் பழைய இரண்டாம் பதிப்புக்கு 52, நிக்கான் 50 எஃப்/1.8ஜி லென்ஸுக்கு 58. மூன்றுமே ஐம்பதுதான்.

பணக் கணக்கில் பேச அதிகம் இல்லை. பெரிய ஃபில்டர் சின்னதைவிட விலை கூடுதல். ஆனாலும் நல்ல 77 போலரைசர் ஒன்றும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மூன்று ரிங்குகளும் வாங்கினால், அதே தரத்தில் நான்கு போலரைசர் வாங்குவதைவிடக் குறைவாகவே முடியும். என்டிக்கும் அதே கணக்குதான். ஒரே ஒரு லென்ஸ் வைத்திருப்பவர், இன்னொன்று வாங்கும் எண்ணமும் இல்லாதவர், அந்த லென்ஸின் அளவிலேயே வாங்கிவிடலாம்.

கண்ணாடியைக் காப்பாற்ற மட்டும் போடும் யுவி அல்லது கிளியர் ஃபில்டரை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. டிஜிட்டல் கேமராவில் யுவி ஃபில்டரால் படம் மேம்படப் போவதில்லை. ஆனால் காசிமேட்டு ஏலக் கூடத்தில் மீன் கூடையிலிருந்து தண்ணீர் தெறிக்கும்போது அதன் அருமை தெரியும். அது எப்போதும் லென்ஸிலேயே இருக்க வேண்டியது என்பதால், லென்ஸின் சொந்த அளவில் வாங்குவதே சரி. போலரைசர் மாட்டும்போது அதைக் கழற்றிவிடுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் 10-18 போன்ற, அகலமான காட்சியைப் பிடிக்கும் வைட் லென்ஸில் மூலைகள் கறுக்கும், எதிர்வெளிச்சத்தில் தேவையில்லாத ஒளிப்பொட்டுகள் வரும்.

என்னை 77 பக்கம் இழுத்தது பராமரிப்பு. கடலிலிருந்து தள்ளி இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலோரச் சாலையில் ஒருமுறை போய்வந்தால் வண்டிக் கண்ணாடியில் என்ன படிகிறதோ, அதுதான் ஃபில்டரிலும் படிகிறது. தூண்டில் வளைவுக் கற்களில் அலை மோதும் இடத்தில், ஒளியை ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்கும் என்டி1000 போட்டு நின்றால், 1/60 நொடியில் எடுக்க வேண்டிய படம் சுமார் 16 நொடி ஆகிறது. அந்த 16 நொடியும் கண்ணாடி சாரலைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கும். எண்ணூர்ப் பக்கம் போனால் அனல்மின் நிலையச் சாம்பலும் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதியும் அந்த ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும்.

காய்ந்த உப்பைத் துணியால் அப்படியே துடைத்தால், அந்தப் பொடியே மேல்பூச்சைக் கீறிவிடும். முதலில் புளோயரால் ஊத வேண்டும். பிறகு தண்ணீர். லென்ஸ் துடைக்கும் திரவங்கள் பலவற்றில் ஆல்கஹால்தான் அதிகம். அது எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும், உப்பை ஏறக்குறைய கரைக்கவே கரைக்காது. அதனால் டிஸ்டில்டு வாட்டரில் மைக்ரோஃபைபர் துணியின் ஒரு மூலையை நனைத்து ஒத்தி எடுத்துவிட்டு, அதற்கப்புறம்தான் திரவம், கடைசியாகக் காய்ந்த துணி. போலரைசரைத் தண்ணீருக்கடியில் காட்டக் கூடாது. அதில் இரண்டு வளையங்கள் ஒன்றின்மேல் ஒன்று சுழல்கின்றன. அந்த இடுக்கில் உப்பு இறங்கினால் திருப்பும்போது நறநறக்கும். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே இருக்கும் படலத்தில் ஓரமாக ஈரம் ஏறினால் அது பிரியவும் வாய்ப்பு உண்டு.

இதை ஒரு போலரைசருக்கும் ஒரு என்டிக்கும் செய்வது வேறு, எட்டுக் கண்ணாடிக்குச் செய்வது வேறு. எட்டு இருந்தால் இரண்டையாவது "நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்று பையில் வைத்துவிடத் தோன்றும். சென்னை ஈரப்பதத்தில் அந்த நாளைக்குள் உப்பு தன் வேலையைக் காட்டிவிடும். தண்ணீரை ஒட்டவிடாத மேல்பூச்சு உள்ள ஃபில்டர் என்றால் துடைக்கும் வேலை பாதியாகக் குறைந்துவிடும். ஆனால் அது விலை அதிகம். நான்கு அளவில் வாங்குபவர் அந்தத் தரத்தில் நான்கு வாங்க மாட்டார், மலிவான நான்கைத்தான் வாங்குவார். ஒன்றே ஒன்று வாங்குபவரால் அந்த ஒன்றை நல்லதாக வாங்க முடியும்.

அடுத்தது மரை. 18-55 போன்ற, கேமராவோடு சேர்ந்து வரும் கிட் லென்ஸ்களின் முன் மரை பிளாஸ்டிக். விடியற்காலை இருட்டில் ஈரக் கையோடு உலோக ஃபில்டரைக் கோணலாக வைத்துத் திருகினால் தேய்வது லென்ஸின் மரைதான். ஸ்டெப்-அப் ரிங் இருந்தால் இந்த அடி லென்ஸுக்கு வராது. வீட்டில் மேசைமேல் வைத்து நிதானமாக ரிங்கை மாட்டிக்கொண்டு கிளம்புகிறேன். கரையில் மாட்டிக் கழற்றுவதெல்லாம் ரிங்கின் 77 மரையில்தான். அகலமான மரை என்பதால் விரலுக்கும் எளிதில் அகப்படுகிறது. தேய்ந்தால் ரிங் போகும், லென்ஸ் தப்பிக்கும்.

ரிங் வாங்கும்போது கிடைத்தால் பித்தளையில் வாங்குங்கள். அலுமினியத்தோடு அலுமினியம் சேரும் இடம் சீக்கிரம் இறுகிக்கொள்ளும், பித்தளை அந்த அளவுக்கு இறுகாது. ஃபில்டரிலும் பித்தளை வளையத்துக்குப் பெயர் பெற்றது பி+டபிள்யூ. எந்த உலோகமானாலும் வீடு திரும்பியதும் ரிங்கைக் கழற்றி மரையை ஈரத் துணியால் துடைத்து உலர்த்திவிட வேண்டும். இறுகிவிட்டால் பலம் போட்டுப் பிடிக்காதீர்கள். அமுக்க அமுக்க வளையம் முட்டை வடிவமாகி இன்னும் கெட்டியாகும். அகலமான ரப்பர் பேண்டை விளிம்பில் சுற்றி, லேசாகப் பிடித்துத் திருப்பினால் பெரும்பாலும் வந்துவிடும்.

77 வழியில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். பெரிய குறை ஹூட், அதாவது வெயில் படாமல் லென்ஸின் முன் மாட்டும் மறைப்பு. ரிங் லென்ஸைவிட அகலமாக வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் அந்த லென்ஸின் ஹூட் ஏறாது. கிழக்குக் கடற்கரையில் காலையில் சூரியன் நேர் எதிரே இருக்கும்போது இது உறுத்தும். 77 அளவில் திருகும் ரப்பர் ஹூட் கிடைக்கிறது. ஆனால் வைட் லென்ஸில் அது படத்துக்குள் வந்துவிடும், அங்கே கையால் மறைத்துக்கொள்வதுதான் வழி. நடைமுறையில் எனக்கு இது பெரிய தடையாக இருக்கவில்லை. போலரைசர் வானத்தை அதிகமாகக் கறுக்க வைப்பது சூரியனுக்குச் செங்கோணத்தில்தான். அதாவது காலையில் கரையில் நின்று வடக்கே எண்ணூர்ப் பக்கமோ தெற்கே துறைமுகப் பக்கமோ பார்க்கும்போது. சூரியனை நேராகப் பார்த்து எடுக்கும்போது வானத்துக்கு அதனால் பலன் குறைவு, அப்போது கழற்றிவிட்டு ஹூடை மாட்டிக்கொள்கிறேன். 10-18-ல் போலரைசர் போட்டால் வானத்தில் ஒரு பகுதி மட்டும் கறுத்துத் திட்டாகத் தெரியும். அது அளவின் கோளாறல்ல, எந்த வைட் லென்ஸிலும் வரும்.

50 எஃப்/1.8 எஸ்டிஎம் லென்ஸில் இன்னொரு சங்கடம். ஃபோகஸ் ஆகும்போது அதன் உள்குழல் முன்னே நகர்கிறது, மரை இருப்பது அந்தக் குழலில்தான். 49-ல் போய் 77 கண்ணாடியைத் தொங்கவிட்டால் அந்தச் சின்ன மோட்டாருக்குச் சுமை. அதை அதிகம் சோதித்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. ஐம்பதில் போலரைசர் நிறையப் பயன்படுத்துகிறவர் அதற்கு மட்டும் 49-ல் தனியாக வாங்கிக்கொள்வது நல்லது.

லென்ஸின் முன் ஒரு ஹோல்டரை மாட்டி அதில் தட்டுகளைச் செருகும் சதுர ஃபில்டர் முறையை ஒரு நண்பரின் செட்டில்தான் பார்த்திருக்கிறேன், அதனால் அளந்தே சொல்கிறேன். பாதி கறுப்பாக இருக்கும் கிராஜுவேட்டட் ஃபில்டரைத் தொடுவானம் எங்கே வருகிறதோ அங்கே ஏற்றி இறக்கி வைக்கும் வசதி திருகு ஃபில்டரில் கிடையாது. கடல்மேல் சூரிய உதயம் மட்டுமே எடுக்கிறவருக்கு 100 மி.மீ. சதுரம் பொருந்தலாம். ஆனால் காசிமேட்டில் ஏலக் கூட்டத்துக்கு நடுவே ஹோல்டரைத் தூக்கிக்கொண்டு நகர்வது கஷ்டம். ரெசினில் செய்த தட்டுகள் கண்ணாடியைவிடச் சீக்கிரம் கீறும். காந்த ஃபில்டர்கள் மாட்டிக் கழற்ற மிக வேகம், மரைப் பிரச்சினையே இல்லை. ஒரு தட்டுத் தட்டினால் கழன்று கற்களுக்குள் விழுந்துவிடுமோ என்ற பயம் எனக்கு இருக்கிறது. நான் சொந்தமாக வைத்துப் பழகியதில்லை, பழகியவர் வேறு மாதிரி சொல்லலாம்.

77-ஆ 82-ஆ என்பது அடுத்து வாங்கப் போகும் லென்ஸைப் பொறுத்தது. கேனான் 24-70 எஃப்/2.8 இரண்டாம் பதிப்பு, சோனி 24-70 ஜிஎம் இரண்டும் 82. அந்தப் பக்கம் போகும் எண்ணம் உறுதியாக இருந்தால் இப்போதே 82 வாங்கிவிடுங்கள். பெரியதைச் சின்ன லென்ஸில் மாட்டலாம். சின்ன ஃபில்டரைப் பெரிய லென்ஸில் ஸ்டெப்-டவுன் ரிங் போட்டு மாட்டினால் மூலைகள் போய்விடும்.

கடையில் கேட்கும்போது லென்ஸின் எண்ணை முதலிலும் ஃபில்டரின் எண்ணைப் பின்னாலும் சொல்லுங்கள்: 58-77, 67-77 என்று. எண்களை மாற்றிச் சொன்னால் ஸ்டெப்-டவுன் ரிங்கை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். 58-லிருந்து 67, 67-லிருந்து 77 என்று இரண்டு ரிங்கை அடுக்காமல் நேராக ஒரே ரிங்காக வாங்குங்கள், அடுக்கினால் இறுகும் இடமும் இரண்டாகிவிடும். கிட் லென்ஸோடு தொடங்குபவர் முதலில் 58-77 மட்டும் வாங்கினால் போதும். கூடவே 77 அளவில் ஒரு மூடியும் வாங்கிக்கொள்ளுங்கள், லென்ஸோடு வந்த மூடி ஃபில்டருக்குப் பொருந்தாது.