ஒயில் குடிக்கும் பழைய காருக்கு மெக்ஸ்லைஃப் 10டபிள்யூ-40: மலைப்பாதையிலிருந்து ஒரு மதிப்பீடு

இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. திறந்த பின்னரும் வரியோடு சேர்ந்த விலை நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாத உயரத்திலேயே நிற்பதால், ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கங்களில் இருபது வயதைக் கடந்த கார்களைப் பேணி ஓட்டுவதே பலருக்கும் உள்ள ஒரே வழி. அத்தகைய கார்களுக்குப் பொதுவாக வரும் நோய், எங்கும் ஒழுகாமலேயே எஞ்சின் ஒயில் குறைந்துபோவது. என்னுடையது 1990களின் இறுதியில் வெளிவந்த 1.5 லீற்றர் ஜப்பானியப் பெற்றோல் கார். இரண்டரை இலட்சம் கிலோமீற்றரைத் தாண்டிவிட்டது. அதில் வல்வொலின் நிறுவனத்தின் மெக்ஸ்லைஃப் 10டபிள்யூ-40 ஒயிலைத் தொடர்ந்து சில மாற்றங்களுக்குப் பயன்படுத்திய பின் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். 10டபிள்யூ-40 போன்ற குறியில் முதல் எண் குளிரில் உள்ள தடிப்பையும், பிந்திய எண் சூடேறிய பின் உள்ள தடிப்பையும் காட்டும்; எண் கூடினால் தடிப்பும் கூடும்.

எந்த ஒயில் நல்லது என்று கேட்பதற்கு முன், ஒயில் எந்த வழியாக எரிகிறது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். இதில் மலையக வாகனச் சாரதிக்கு ஒரு வசதி உண்டு. சமவெளியில் ஓட்டுபவருக்குத் தெளிவாகத் தெரியாததை நமது பாதைகள் காட்டிக்கொடுத்துவிடும். நுவரெலியாவிலிருந்து லபுக்கலை வழியாக இறம்பொடைக்கு இறங்கும்போது, சிறிய கியரில் போட்டு அக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு நெடுந்தூரம் வருகிறோம். அப்போது காற்று உட்புகும் வழி ஏறத்தாழ மூடியிருப்பதால் எஞ்சினின் உள்வழிக் குழாயில் கடும் வெற்றிடம் உண்டாகிறது. வால்வ் தண்டைச் சுற்றி ஒயிலைத் தடுத்து நிற்கும் இறப்பர் வளையங்களான வால்வ் சீல்கள் காய்ந்து இறுகியிருந்தால், அந்த வெற்றிடம் மேலிருந்து ஒயிலை வால்வ் தண்டின் ஓரமாக உறிஞ்சி இழுக்கும். இறக்கம் தணிந்து மறுபடி அக்சிலரேட்டரை மிதித்த கணத்தில் பின்னால் நீலப் புகை ஒரு தரம் பொங்கி மறைந்தால், குற்றவாளி பெரும்பாலும் வால்வ் சீல். இரவு முழுவதும் நின்ற கார் காலையில் இயங்கத் தொடங்கும்போது சிறிது நேரம் மட்டும் புகைப்பதும் அதே அடையாளம். மாறாக, கினிகத்தேனையிலிருந்து ஹட்டனுக்கு ஆட்களோடும் பொதிகளோடும் ஏறும்போது, மிதிக்க மிதிக்கப் புகை விடாமல் வருமானால் பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்திருக்கின்றன, அல்லது கரி படிந்து அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்று கொள்ளலாம். என் காரில் இறக்கப் புகை அதிகமாகவும் ஏற்றப் புகை இலேசாகவும் இருந்தன. ஒயிலால் ஓரளவேனும் மாற்றம் காணக்கூடிய நிலை அது.

நமது பக்கத்துக் கராஜ்களில் இதற்குச் சொல்லப்படும் வைத்தியம் பெரும்பாலும் ஒன்றுதான்: “தம்பி, பழைய எஞ்சினுக்கு மொத்தமான ஒயில்தான் சரி, 20-50 ஊத்துங்க.” பாஸ்மாரின் அனுபவத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. தடிப்பான ஒயில் இடைவெளிகளில் மெதுவாகவே நுழையும் என்பதால் செலவும் சற்றுக் குறையும், எஞ்சின் சத்தமும் அடங்கும். ஆனால் அந்த வைத்தியம் பெரிதும் கொழும்பின் வெப்பத்துக்குரியது. நுவரெலியாவின் உயரம் 1,868 மீற்றர். தை மாத விடியலில் அங்கே வெப்பநிலை 5 பாகைக்கும் கீழே இறங்கி, புல்லில் உறைபனி படிவதுண்டு. 40 பாகை செல்சியஸிலேயே 20டபிள்யூ-50 ஒயில் 10டபிள்யூ-40 ஐவிட ஒன்றரை மடங்கு தடிப்பானது. குளிர் கூடக் கூட அந்த வித்தியாசம் இன்னும் விரியும். உறைந்துபோகும் அபாயம் எதுவும் இல்லைதான், 20டபிள்யூ என்ற குறியே சைபருக்குக் கீழ் 15 பாகையில் சோதித்துக் கொடுக்கப்படுவது. என்றாலும் எஞ்சின் தேய்வில் பெரும் பங்கு இயங்கத் தொடங்கிய முதற் கணங்களில் நிகழ்வதால், ஒயில் மேலே வால்வுகள்வரை ஏறிச் சேரும் வேகத்தை நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

சூடேறிய பின் நிலைமை வேறு. 100 பாகையில் 30 தர (பிந்திய எண் 30 ஆன) ஒயிலின் பாகுநிலை, அதாவது தடிப்பு, சென்ரிஸ்ரோக் அலகில் 9.3க்கும் 12.5க்கும் இடையில் இருக்கும். 40 தரத்துக்கு அது 12.5 முதல் 16.3 வரை, 50 தரத்துக்கு 16.3 முதல் 21.9 வரை. அவிசாவளையின் புழுக்கத்தில் தொடங்கி ஏ-7 வீதியில் இரண்டாம் கியரில் மேலே ஏறி வரும் எஞ்சினுக்கு, தேய்ந்த பழைய பாகங்களின் நடுவே ஒயில் படலம் அறுந்துவிடாமல் நிற்க வேண்டும் என்பதால், 30 தரத்திலிருந்து ஒரு படி மேலே போவது நியாயமானது. இரண்டு படி தாவுவதற்கு என் காரில் காரணம் இருக்கவில்லை. அக்காலக் கார்களின் கையேடுகள் காலநிலைக்கேற்ப ஒன்றுக்கு மேற்பட்ட தரங்களை அனுமதிப்பது வழக்கம். உங்கள் கையேட்டையும் ஒரு முறை புரட்டிப் பாருங்கள். 0டபிள்யூ-20 கேட்கும் புதிய சிறு கார்களுக்கும் ஹைபிரிட்களுக்கும் இங்கே எழுதியவை பொருந்தா.

இனி மெக்ஸ்லைஃபைப் பற்றி. அதிக தூரம் ஓடிய எஞ்சின்களுக்கென்றே தயாரித்து 2000ஆம் ஆண்டில் சந்தைக்கு வந்த இந்த ஒயில், 75,000 மைல், அதாவது ஏறத்தாழ 120,000 கிலோமீற்றர் கடந்த வாகனங்களுக்கானது. சாதாரண ஒயிலோடு ஒப்பிட்டால் இதில் இரண்டு சங்கதிகள் கூடுதல்: இறுகிய இறப்பர் சீல்களை மென்மையாக்கிச் சற்று உப்பச் செய்யும் சேர்மங்கள், கரியைக் கரைத்தெடுக்கும் துப்புரவுச் சேர்மங்கள். முதலாவது வால்வ் சீலுக்கு உதவும். இரண்டாவது, ஒட்டிக்கொண்ட ரிங்கை மெல்ல மெல்ல விடுவிக்கக்கூடும். தேய்ந்துபோன உலோகத்தை மீட்டுத் தருவது எந்தக் கேனிலும் இல்லை.

என் காரில் கண்ட பலனும் அந்தக் கணக்குப்படியே அமைந்தது. முதல் மாற்றத்தில் சொல்லும்படியான வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. இரண்டாவது மாற்றத்தின் நடுவில் இறம்பொடை இறக்கத்துப் புகை தெளிவாகக் குறைந்தது, காலைப் புகை ஏறத்தாழ நின்றது. ஒரு மாற்றத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் முன்பு ஒரு லீற்றர் கேன் முழுவதும் காலியாகும். இப்போது அதில் பாதி மிஞ்சுகிறது. ஏற்றப் புகை அப்படியேதான் இருக்கிறது. காலைக் குளிரில் எஞ்சின் தடுமாற்றமின்றி இயங்குகிறது. 20டபிள்யூ-50 ஊற்றியிருந்த காலத்தோடு ஒப்பிடும்போது எஞ்சின் இலகுவாகச் சுழல்வதும் தெரிகிறது. குறை என்றால் விலைதான்: சாதாரண மினரல் ஒயிலைவிடக் கணிசமாகக் கூடுதல். மலையகச் சிறு நகரங்களில் எல்லாக் கடைகளிலும் கிடைப்பதும் இல்லை. நான் கண்டிக்குப் போகும்போது வாங்கி வைத்துக்கொள்கிறேன்.

இதற்குச் செலவழிக்கும் முன் பிசிவி வால்வைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். எஞ்சினின் உள்ளே சேரும் வாயுவை வெளியேற்றும் அந்தச் சிறிய உறுப்பு அடைத்துக்கொண்டால், உள்ளழுத்தம் கூடி ஒயில் வேண்டாத வழிகளிலெல்லாம் வெளியே தள்ளப்படும். மாற்றுவதற்கு ஆகும் பணம் ஒரு கேன் ஒயிலின் விலைக்கு அருகில்கூட வராது. தேன்பாகு போன்ற தடிப்பேற்றும் மருந்துகளை நான் வாங்குவதில்லை. லொறிகளுக்கு ஊற்றும் 15டபிள்யூ-40 டீசல் ஒயிலைக் காருக்கும் ஊற்றுவோர் தோட்டப் பக்கங்களில் உண்டு. அதன் துப்புரவுத் தன்மை மெய்தான், ஆயினும் கேனில் பெற்றோல் எஞ்சினுக்கான ஏபிஐ (அமெரிக்கப் பெற்றோலிய நிறுவகம்) எஸ் வரிசைத் தரமும் அச்சிடப்பட்டிருந்தால் மட்டுமே அதைக் கருதலாம். அந்த வரிசையில் எஸ்என் 2010இலும் எஸ்பி 2020இலும் வந்தவை. அவற்றில் ஒயில் ஆவியாகிக் குறைவதற்கும் 15 சதவீதம் என்ற உச்சவரம்பு உண்டு என்பதால், ஒயில் குடிக்கும் காருக்கு எஸ்எஃப் போன்ற காலாவதியான தரங்களை மலிவென்று வாங்குவது இலாபமாகாது. பெரலிலிருந்து அளந்து ஊற்றும் ஒயிலையும், மூடியின் முத்திரை சந்தேகமாக உள்ள கேனையும் தவிர்த்துவிடுங்கள். போலி ஒயில் நம் நாட்டுச் சந்தைக்குப் புதிதல்ல.

அளவு பார்ப்பதில் நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. வீட்டு வாசலும் சரிவு, வீதியும் சரிவு. சரிவில் நிறுத்தி டிப்ஸ்டிக்கை இழுத்தால் அது பொய் சொல்லும். பெற்றோல் நிரப்பு நிலையத்தின் சமதரையில் எஞ்சினை நிறுத்தி, ஐந்து நிமிடமாவது பொறுத்துப் பார்ப்பதே நம்பத்தக்கது. அளவு குறைந்த நிலையில் செங்குத்தான கொண்டையூசி வளைவில் ஏறினால், எஞ்சினின் அடியிலுள்ள ஒயில் தொட்டியான சம்பில் ஒயில் ஒருபுறம் ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்ச நேரிடும். ஒயில் விளக்கு வளைவில் மட்டும் மினுங்கி அணைவது அதற்கான எச்சரிக்கை. ஆகவே கீழ்க்கோட்டுக்கு இறங்கும்வரை காத்திராமல், குறையக் குறைய அதே ஒயிலைச் சிறிது சிறிதாக ஊற்றிக்கொள்வது நல்லது. அப்படி ஊற்றுவதால் முழு மாற்றத்தைத் தள்ளிப்போடலாம் என்று எண்ண வேண்டாம். நான் 5,000 கிலோமீற்றரில் பில்டரோடு சேர்த்து மாற்றுகிறேன். வருடாந்த வருமான அனுமதிப்பத்திரத்துக்கான புகைப் பரிசோதனை நெருங்கினால் அதற்கு முன்பே மாற்றிவிட்டு, எஞ்சின் நன்கு சூடேறியபின் பரிசோதனைக்குக் கொண்டுசெல்கிறேன்; எரியும் ஒயில் ஐதரோகாபன் அளவை உயர்த்திக் காட்டும்.

இறக்கத்தில் மட்டும் புகைக்கும் காருக்கு இந்த ஒயிலை விலை பாராமல் வாங்கலாம் என்பதே என் முடிவு. ஏற்றத்தில் விடாமல் புகைத்து, 1,000 கிலோமீற்றருக்கு ஒரு லீற்றருக்கும் மேல் குடிக்கும் எஞ்சினில் இதை ஊற்றுவது வீண். முதலில் கொம்பிரஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) பார்க்கச் சொல்லி, ரிங் போய்விட்டது என்று உறுதியானால், சரியான தரம் அச்சிட்ட மலிவான 20டபிள்யூ-50 ஐ ஊற்றிக்கொண்டு, மிச்சமாகும் பணத்தை ரிங் மாற்றும் வேலைக்குச் சேர்த்து வையுங்கள்.